ஒரு நாளைக்கு ஐந்து முறை

மார்ச் 8, சனி

இது உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று அச்சிட்டிருக்கிறார். எனக்கு வயலும் இல்லை, வரப்பும் இல்லை. ஆனால் முப்பத்து நான்கு வருஷம் கோபி தபால் ஆபீஸில் தேதி முத்திரை குத்தியவளுக்கு, தேதி போட்ட பக்கம் காலியாகக் கிடந்தால் கை அரிக்கிறது. ஓய்வு பெற்ற இந்த எட்டு மாதத்தில் மழை பெய்தது, புடலங்காய் கசந்தது என்றெல்லாம் எழுதி நிரப்பியிருக்கிறேன்.

இன்று விஷயம் இருக்கிறது. காலையில் புது எண்ணிலிருந்து போன்.

“அத்தைங்களா? நான் கதிரவன் பேசறனுங்க.”

என் மகள் தாரணியைக் கட்டியவன். கட்டி இரண்டு வருஷமாகிறது. அவன் குரலை நான் போனில் கேட்பது இதுதான் முதல் தடவை.

“தாரணிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுங்க. போன மாசம் பதினஞ்சாந் தேதி. வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு முப்பதாம் நாள், பேரு வெக்கறோம். நீங்க வந்தா நல்லா இருக்குமுங்க.”

“அவ கூப்பிடச் சொன்னாளா?”

“வேண்டாம்னு சொல்லலீங்க” என்றான்.

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். பெரிய சந்தோஷமெல்லாம் ஒன்றும் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்துபோயிருந்தது. துடைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

பரணிலிருந்து பழைய பருத்திச் சேலைகளை இறக்கினேன். பிறந்த குழந்தைக்குக் கடைத் துணி உறுத்தும். நாலு சேலையைக் கிழித்து, வெந்நீரில் அலசி, மொட்டைமாடியில் உலர்த்தினேன். காற்று இழுத்துக்கொண்டு போகாமல் பக்கத்திலேயே நின்றேன். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை நல்ல வெயில்.

தாரணி கைக்குழந்தையாக இருந்தபோது ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளைக் கொஞ்சுவதற்கு நேரமே இருக்காது. தூளியிலிருந்து நீண்டிருக்கும் காலைப் பிடித்து வலது உள்ளங்காலில் ஒரு முத்தம், இடதில் ஒன்று. அதற்குள் பஸ் வந்துவிடும். சாயங்காலம் வரை அந்தச் சூடு உதட்டிலேயே இருக்கும்.

கீழுதட்டின் ஓரம் குறுகுறுவென்றிருக்கிறது. மதியக் குழம்பில் மிளகாய் தூக்கல்.

மார்ச் 10, திங்கள்

மிளகாய் இல்லை. காலையில் கண்ணாடியைப் பார்த்தால் கீழுதட்டின் வலது ஓரத்தில் ஜவ்வரிசி ஒட்டிவைத்தது போல் ஐந்தாறு கொப்புளம். சிரித்தால் எரிகிறது. நல்லவேளையாக நான் அவ்வளவாகச் சிரிப்பவள் இல்லை.

மருந்துக்கடை முதலாளி தூரத்திலிருந்து பார்த்தே “சூட்டுக் கொப்புளமுங்க” என்று ஒரு களிம்பு ட்யூபை எடுத்து நீட்டினார். படர்தாமரைக்கும் இதே ட்யூப், முகப்பருவுக்கும் இதே ட்யூப், போன மாதம் எதிர்வீட்டு ருக்மணியின் சேற்றுப்புண்ணுக்கும் இதேதான். கெட்டிக்காரர். வாங்கி மூன்று தடவை பூசினேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஆறிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

ஆறவில்லை. பூசப் பூசப் பரவியிருக்கிறது. உதடு வீங்கி, காப்பி குடித்தால் ஓரமாக வழிகிறது.

ருக்மணி பார்த்துவிட்டாள். “அக்கா, இது அக்கியேதான். கொயவர் ஊட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கோங்க. செம்மண்ணக் கொழச்சுச் சிங்கம் வரைவாங்க. மூணு நாள்ல எறங்கிரும்.”

“முதுகுல வந்தாச் சிங்கம் வரையலாம். ஒதட்டுல எங்க வரையறது? வால் மட்டும் வரைவாங்களா?”

அவள் சிரித்தாள். எனக்கு எரிந்தது. உடனே கிளம்பித் தோல் டாக்டர் ஷமீமாவிடம் போனேன். என்னைவிட முப்பது வயது சின்னவர். விளக்கைப் போட்டுப் பார்த்தார். நான் பூசிய ட்யூபை வாங்கிப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

“இது ஸ்டீராய்டும்மா. இதைப் போட்டா அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம்” என்றவர், வேறொன்று எழுதினார். அசைக்ளோவிர் என்று பெயர். விரல் நீளம்கூட இல்லாத ட்யூப். “வைரஸுக்குன்னே உள்ள க்ரீம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு அஞ்சு முறை. பஞ்சுக் குச்சியில எடுத்து ஒத்தணும், தேய்க்கக் கூடாது. போடறதுக்கு முன்னாடியும் சோப்பு, பின்னாடியும் சோப்பு. குறுகுறுன்னப்பவே ஆரம்பிச்சிருந்தா சீக்கிரம் அடங்கியிருக்கும்.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள போயிருமுங்களா?”

“என்ன விசேஷம்?”

“பேத்திக்குப் பேரு வெக்கறாங்க. முப்பது நாள் கொழந்தை.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “அம்மா, இதை நல்லாக் கேட்டுக்குங்க. நமக்கு இது ஒரு வாரத் தொந்தரவு. ஒரு மாசக் குழந்தைக்கு மூளை வரைக்கும் போகலாம். முத்தம் கூடவே கூடாது. பொருக்கு கட்டி, அது தானா விழுந்து, தோல் நல்லா மூடற வரைக்கும். பத்துப் பன்னண்டு நாள் ஆகலாம். டம்ளர், துண்டு தனியா வெச்சுக்குங்க. மாஸ்க் போட்டுக்குங்க. கையக் கழுவிட்டுத் தூக்கலாம். ஆனா முத்தம் மட்டும் கூடாது.”

“ஒருக்காப் போனாத் திரும்ப வராதுங்களா?”

“கிருமி போகாதும்மா. நரம்புக்குள்ள போய்த் தூங்கும். வெயில் பட்டா, மனசு அலைஞ்சா முழிச்சுக்கும். நிறையப் பேருக்குச் சின்ன வயசுல வீட்டுலயே யார்கிட்டயாவது ஒட்டியிருக்கும். தனக்குள்ள இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது.”

என் அம்மாவுக்கு வருஷம் தவறாமல் உதட்டோரம் இப்படி வரும். பல்லி எச்சம் பட்டுவிட்டது என்று சொல்வாள்.

மார்ச் 12, புதன்

காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, படுக்கப் போகும்போது ஒன்று. தபால் கட்டு அனுப்பும் நேரம் போல மனப்பாடம் ஆகிவிட்டது. வெள்ளையாக ஒரு பொட்டு. வைத்ததும் சுரீர் என்கிறது, பிறகு குளிர்கிறது.

சீட்டில் டாக்டர் எழுதியிருந்த நோயின் பெயரைச் செல்போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஹெர்பிஸ். என்னென்னவோ படம், என்னென்னவோ பேச்சு. இந்த உதட்டுப் புண்ணுக்கும் அந்த அசிங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது, ஆனால் அது கீழே எங்கோ எழுதியிருக்கிறது. அதுவரை யார் படிப்பார்கள்? புருஷன் போய் ஏழு வருஷமானவளுக்கு இந்தப் பெயரில் ஒரு நோய் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் நான் கோபியில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

மாலையில் கதிரவன் ஒரு படம் அனுப்பினான். முகம் இல்லை, கால் மட்டும். யாரோ விரலால் பிடித்திருக்கிறார்கள். பிடித்திருப்பது தாரணியின் விரல்தான், மோதிர விரலில் அந்த மரு இருக்கிறது. உள்ளங்கால் ரோஜா நிறத்தில் இருக்கிறது, என் கட்டை விரலளவு.

ஆறு மணிக் களிம்பு ஆறரைக்குத்தான் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஐந்து முறை. படத்தையும் ஐந்து முறைதான் பார்த்தேன் என்று எழுதினால் பொய்.

மார்ச் 14, வெள்ளி

கொப்புளம் உடைந்து பொருக்கு கட்டிவிட்டது. வீக்கம் வற்றியிருக்கிறது. இந்தச் சின்ன ட்யூபுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பொருக்கு விழாது. டாக்டரிடம் போனில் கேட்டேன். “பிய்க்காதீங்க” என்பதை மூன்று தடவை சொன்னார். நான் பிய்க்கிற ஆள் என்று எப்படிக் கண்டுபிடித்தார் தெரியவில்லை.

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிடலாமா? எடுத்த போனை வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் போகாமல் இருந்தவள், கூப்பிட்ட அன்றைக்கும் வரவில்லை என்றால் அதற்கு என்ன காரணம் சொன்னாலும் சாக்காகத்தான் கேட்கும். தாரணி இன்னொரு தடவை ‘வேண்டாம் என்று சொல்லாமல்’ இருக்க மாட்டாள்.

இங்கே ஒன்றை எழுதி வைக்கிறேன். தாரணியும் கதிரவனும் பதிவுத் திருமணம் செய்த மாதம், நானும் என் அண்ணனும் சிங்காநல்லூரில் இருக்கும் கதிரவன் வீட்டுக்குப் போனோம். பேசிக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அண்ணன் சொன்னான். அவர்கள் வேறு ஆட்கள், நாம் வேறு ஆட்கள் என்பது அவன் பேச்சு. கதிரவனின் அம்மா மாராத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அதைத் தாரணி இன்றுவரை பெரிதாக வைத்திருக்கிறாள். அன்று எனக்குத் தாகம் இல்லை. அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

பையில்: துணி இருபத்து நான்கு, மடித்தது. வெள்ளி அரைஞாண். வசம்பு வளையல். சோப்பு. துண்டு. மாஸ்க் இரண்டு. களிம்பு. டம்ளர் ஒன்று.

டம்ளர் எதை எடுப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரைத் தேய்த்து எடுத்து வைத்தேன். போகிற இடத்தில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும்.

அண்ணனிடம் ஈரோட்டுக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

போய் வந்தேன். இன்றே எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரை பஸ். சிங்காநல்லூர் போகும்போது ஒன்பதரை. மாடி வீடு, இரண்டு அறை. கதிரவனின் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் எழுந்து “வாங்க, வாங்க” என்றார்கள். தாரணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருக்கிறாள், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. “வாம்மா” என்றாள். இரண்டு வருஷத்தில் கேட்ட முதல் சொல். மாஸ்க்குக்குள் என் உதடு துடித்துப் பொருக்கு விண்ணென்று இழுத்தது.

முதலில் கையைக் கழுவினேன், முழங்கை வரை, சோப்பு போட்டு. என் துண்டில் துடைத்தேன். அப்போதே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாராத்தாள் குழந்தையைத் துணியில் பொதிந்து எடுத்துவந்தார். “இந்தா கண்ணு, அம்மிச்சி வந்துட்டாங்க பாரு” என்று என் கைக்கு நேராக நீட்டினார். தலை நிறைய முடி. வாய் கொட்டாவிக்காகத் திறந்து மூடியது. பால் வாடை வந்தது. டாக்டர் தூக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் தூக்கினால் முத்தமிடாமல் இருக்க மாட்டேன். இது டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்க ஒரு நொடி போதும்.

ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

“வேண்டாமுங்க. கீழ படுக்க வெச்சிருங்க. நான் இங்க இருந்தே பார்த்துக்கறேன்.”

மாராத்தாளின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கதிரவன் அதைச் சமாளிக்க வேண்டி, “அத்தைக்கு டீ கொண்டாங்க” என்றான். தட்டில் டீ வந்தது. நான் பையிலிருந்து என் டம்ளரை எடுத்து நீட்டி, “இதுல ஊத்திருங்க” என்றேன்.

மணிச் சத்தம் மாதிரி ஒரு சத்தம். ஒரு கிழவர் தன் டீ டம்ளரைத் தரையில் வைத்த சத்தம்தான் அது. வைத்துவிட்டு அவர் எழுந்து வெளியே போனார்.

“அம்மா” என்றாள் தாரணி. கத்தவில்லை. “நீ கெளம்பு.”

“என்னடி?”

“இதைக் காட்டறதுக்குத்தான் வந்தியா? இத்தன பேரு முன்னால? கெளம்பும்மா. தயவு செஞ்சு.”

சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேர் முன்னால் மாஸ்க்கைக் கழற்றி அந்த நோயின் பெயரை எப்படிச் சொல்வது? துணிப் பையை வைத்துவிட்டு இறங்கி வந்தேன். என்ன பெயர் வைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் என்ன செய்துவிட்டேன்? அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மனசைக் கட்டி, வாயைக் கட்டி, ஏங்கி ஏங்கி நின்றேன். அவ்வளவுதானே செய்தேன்?

பத்து மணிக் களிம்பும் இரண்டு மணிக் களிம்பும் போடவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலையில் அந்த டம்ளரைத் தேய்த்துக் கழுவினேன். டீ ஊற்றவே இல்லை, ஆனாலும் கழுவினேன். கழுவி மேடையில் வைக்கப் போனபோது, மற்ற பாத்திரத்தோடு வேண்டாம், புண் ஆறும்வரை தனியாக இருக்கட்டும் என்று ஜன்னல் கட்டையில் கவிழ்த்தேன்.

கவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் கூரை விளிம்பில் தனியாக நாலு டம்ளர் செருகியிருக்கும். சிலர் வந்து அதை அவர்களே எடுப்பார்கள். வெளியே நின்று குடித்துவிட்டு, அவர்களே கழுவி, அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நான் அப்பாவோடு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்பேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த டம்ளரைக் கழுவியவர்களின் வீட்டுக்குத்தான் நான் நேற்று என் டம்ளரைப் பளபளவென்று தேய்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

குழந்தையைத் தொடாமல் பின்னால் நகர்ந்தேன். கையை முழங்கை வரை கழுவினேன். அவர்கள் துண்டைத் தொடவில்லை. அவர்கள் டம்ளரை வாங்கவில்லை. ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கும்போது, இதில் எதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்பார்கள்? நான் வேறு மாதிரியான ஆள் என்று நினைக்க அவர்களுக்கு இதற்கு முன் என்ன காரணம் கொடுத்திருக்கிறேன்?

பதினான்காம் தேதிப் பக்கத்தில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. குத்திய முத்திரையை அழிப்பது தபால் ஆபீஸில் குற்றம். அது அங்கேயே இருக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

தாரணிக்கு ஆறு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கதிரவன் ஒரு தடவை எடுத்து, “அவ அழுதுட்டே இருக்கறாளுங்க, அப்பறம் பேசலாம்” என்றான். குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

களிம்பு ஐந்து முறை.

மார்ச் 19, புதன்

யாரும் கூப்பிடவில்லை. ஆறரை பஸ்ஸில் போனேன். பையில் களிம்பும் டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்த சீட்டும் மட்டும்.

கதவைத் திறந்தது மாராத்தாள். முப்பது வருஷம் நூல் மில்லில் நின்று வேலை பார்த்தவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கத் தெரியும். ஆனாலும் வாய் தன்பாட்டுக்கு “வாங்க” என்றது.

நான் வாசலிலேயே நின்று மாஸ்க்கைக் கழற்றினேன். பொருக்கு கட்டி, காய்ந்து, களிம்பு வெள்ளை அப்பி, பார்க்கச் சகிக்காது. வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டினேன்.

“இதுக்கு ஹெர்பிஸ்னு பேருங்க. டாக்டர் சீட்டு இது. பச்சக் கொழந்தைக்கு ஒட்டுனா உசுருக்கே ஆபத்தாம். அதுக்குத்தான் தூக்கல. அதுக்குத்தான் டம்ளர் கொண்டாந்தேன்.”

மாராத்தாள் கிட்டத்தில் வந்து பார்த்தார். “காய்ச்சக் கொப்புளம். எங்கூட்டுக்காரருக்கு வந்துட்டே இருக்கும். இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

“எங்களுக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு” என்றார். “பத்துப் பேரு முன்னால கொழந்தைய நீட்டிட்டு நின்னது நானுங்க.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தச் சொல் சின்னதாகக் கேட்டது.

உள்ளே இருந்து தாரணி வந்தாள். இடுப்பில் ஈரத்துணி, தோளில் பால் கறை. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“சரி, டம்ளருக்குக் காரணம் இருக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இவங்க சொம்புல தண்ணி குடுத்தப்ப வேண்டாம்னியே, அப்ப எந்தப் புண்ணு இருந்துச்சும்மா?”

என் மகள்தான். ஓட்டைக் கணக்கை ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாள்.

“ஒண்ணும் இல்ல” என்றேன். “மே மாசம், மத்தியானம் பன்னண்டு மணி. பஸ்ஸுல நின்னுட்டே வந்தேன். நாக்கு ஒட்டிப் போச்சு. தாகமாத்தான் இருந்துச்சு. இவங்க ஊட்டுத் தண்ணின்னுதான் குடிக்கல. தாகம் இல்லேன்னு பொய் சொன்னேன்.”

இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை. சொன்னால் என்னவோ ஆகிவிடும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கீழே காய்கறி வண்டிக்காரன் முருங்கைக்காய் என்று கூவிக்கொண்டு போனான்.

மாராத்தாளைப் பார்த்து, “இப்பவும் தாகமா இருக்குது. கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றேன்.

அவர் நகரவில்லை. தாரணியும் நகரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தாரணிதான் உள்ளே போனாள். எவர்சில்வர் டம்ளரில், தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. புண் இல்லாத பக்கமாக வாய் வைத்து, ஒரே மூச்சில் குடித்தேன். பொருக்கு இழுத்தது. பானைத் தண்ணீர், வெட்டிவேர் போட்டது. இன்னொரு டம்ளர் கேட்டேன்.

அதையும் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். “அய்யோ, வெய்யுங்க, நான் கழுவிக்கறேன்” என்று மாராத்தாள் பின்னாலேயே வந்தார்.

“இல்லீங்க, கிருமி. நான் குடிச்சதை நான்தான் கழுவோணும். சுடுதண்ணி இருக்குதுங்களா?”

“நானும் கழுவியிருக்கறனுங்க. எங்கூர் டீக்கடையில. பதினெட்டு வயசு வரைக்கும், குடிச்ச டம்ளர நானே கழுவி நானே கவுத்தோணும்” என்றார். பிறகு கெட்டிலில் இருந்த வெந்நீரை எடுத்து ஊற்றினார். “நல்லாத் தேய்ங்க. அடியிலயும் தேய்ங்க.”

தேய்த்தேன். மூன்று தடவை தேய்த்தேன். கழுவி முடித்ததும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஈர டம்ளரோடு நின்றேன்.

“இதை எங்கீங்க கவுத்தறது? தனியா வெச்சரட்டுங்களா?”

“தனியா எதுக்கு?” என்றார் மாராத்தாள். “அதான் சுடுதண்ணி ஊத்திக் கழுவியாச்சே. எல்லாத்தோடயும் கவுத்துங்க.”

கூடையில் எட்டுப் பத்து டம்ளர் இருந்தது. நடுவில் ஓர் இடம் பார்த்துக் கவிழ்த்தேன்.

கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் என் பழைய நீலச் சேலைத் துணி விரித்திருந்தது. வாசற்படியில் நின்று பார்த்தேன். நாலடி தூரம் இருக்கும். ஒரு மனுஷிக்கு இவ்வளவு ஆசை இருக்கலாமா என்று எனக்கே பயமாக இருந்தது.

தாரணி என்னோடு கீழே இறங்கி வரவில்லை. “எப்ப ஆறும்னு சொன்னாங்க?” என்று மட்டும் மேலே இருந்து கேட்டாள்.

பெயர் ஓவியா.

மார்ச் 22, சனி

முகம் கழுவும்போது பொருக்கு தானாக விழுந்தது. நான் பிய்க்கவில்லை. அடியில் மெல்லிசாகச் சிவப்புத் தோல். டாக்டருக்குச் சொன்னேன். களிம்பு இனி வேண்டாம், ஆனால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், தோல் கெட்டியாகட்டும் என்றார். முப்பத்து நான்கு வருஷத்தில் பதிவுத் தபாலுக்குக்கூட இவ்வளவு நாள் காத்திருக்கச் சொன்னதில்லை நான்.

மார்ச் 26, புதன்

மாராத்தாள் போன் செய்தார். “ஒதடு எப்படி இருக்குதுங்க?” என்றார். நல்லா இருக்குது என்றேன். “ஏதாவது கொழகொழன்னு பூசிட்டு இருக்காதீங்க, காத்தாட விடுங்க” என்றார். பிறகு அண்ணனும் போன் செய்தான். பல் எப்படி இருக்கிறது என்றான். பல்லுக்கு ஒன்றுமில்லை, நான் போனது சிங்காநல்லூருக்கு, சனிக்கிழமை மறுபடியும் போகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டான்.

மார்ச் 29, சனி

டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்து, தாராளமாகப் போங்கள் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். ஆறரை பஸ்.

வலது உள்ளங்கால். பிறகு இடது. தாரணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.